அலறலுக்கு என்ன சம்பளம்?

பேய்ப்படம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? வெள்ளைச் சேலை, விரித்த கூந்தல், நள்ளிரவில் கொலுசுச் சத்தம்... நம்ம ஊர் ஃபார்முலா அது. ஹாலிவுட்டுக்கும் ஒரு காலத்தில் இப்படி ஒரு ஃபார்முலா இருந்தது. இருட்டு மாளிகை, அதில் ஒரு ரத்தக்காட்டேரி அல்லது ராட்சசன், அவனைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு அலறுகிற ஓர் அழகான பெண். பேசும்படம் வந்த புதிதில் 1931-ல் சூடுபிடித்த இந்த வியாபாரம், 1960-களின் ஆரம்பம் வரை பெரும்பாலும் கறுப்பு வெள்ளையிலேயே ஓடியது.

இந்தப் படங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெலா லுகோசி, போரிஸ் கார்லாஃப் என்று பூதமாக நடித்த ஆண்களைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். நான் அலறியவர்களைப் பற்றி எழுதப் போகிறேன். அதுவும் கொஞ்சம் வித்தியாசமாக. பி.காம். படிக்கிற வியாதியோ என்னவோ, எந்தப் படத்தைப் பார்த்தாலும் "இதில் வந்த காசு யாருக்குப் போச்சு?" என்றுதான் எனக்கு முதலில் கேட்கத் தோன்றுகிறது. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு இந்த நாயகிகளின் வரலாற்றைப் புரட்டினால், பேய்களை விடப் பயங்கரமான ஒரு விஷயம் தென்படுகிறது :)

ராத்திரி ஷிஃப்ட் நாயகி

1929-ல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது நமக்குப் பாடத்திலேயே வரும். அதற்கு அடுத்த வருடம், பணமுடையில் இருந்த யுனிவர்சல் நிறுவனம் 'டிராகுலா'வை எடுத்தது. அப்போது டப்பிங் வசதி சரியாக வளரவில்லை. வெளிநாட்டுச் சந்தையை விடவும் மனசில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரே செட்டில் இரண்டு படம்! பகலில் ஆங்கிலக் குழு நடிக்கும். அவர்கள் வீட்டுக்குப் போனதும் ஸ்பானிஷ் மொழிக் குழு உள்ளே வந்து அதே மாளிகையில், அதே படிக்கட்டில் விடிய விடிய நடிக்கும். நிலைச் சொத்தை இரண்டு ஷிஃப்டில் பயன்படுத்தினால் ஓர் அலகுக்கான செலவு குறையும் என்று நாம் படிக்கிறோமே, அதேதான். ஆங்கிலப் படத்துக்கு 3 லட்சம் டாலருக்கு மேல் செலவானது. ஸ்பானிஷ் படம் சுமார் 66 ஆயிரம் டாலரில் முடிந்துவிட்டது.

ஆங்கிலத்தில் ஹெலன் சாண்ட்லர் நாயகி. ஸ்பானிஷில் லுபிடா டோவார் என்ற இருபது வயது மெக்சிகோ பெண். இயக்குநர் ஜார்ஜ் மெல்ஃபோர்டுக்கு ஸ்பானிஷே தெரியாது, மொழிபெயர்ப்பாளர் வைத்து வேலை வாங்கினார். ஆனாலும் ராத்திரிப் படம்தான் கேமரா நகர்விலும் விறுவிறுப்பிலும் மேல் என்று இன்றைக்குப் பல ரசிகர்கள் சொல்கிறார்கள். லுபிடாவின் நடிப்பும் அதற்கு ஒரு காரணம். ஹெலன் மெழுகுப் பொம்மை மாதிரி சோர்ந்து கிடப்பார். லுபிடாவோ காட்டேரி கடித்த பிறகு கண்ணில் ஒரு வெறியோடு சிரிப்பார். இரண்டையும் அடுத்தடுத்து பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

அந்த ஸ்பானிஷ் படம் பல பத்தாண்டுகள் யார் கண்ணிலும் படாமல் கிடந்து, கியூபாவில் இருந்த பிரதியின் உதவியோடு சரி செய்யப்பட்டு, 1992-ல் வீடியோவாக வந்தது. லுபிடா 2016-ல் தனது 106-வது வயதில் இறந்தார். படத்தின் தயாரிப்பாளர் பால் கோனரைத்தான் அவர் மணந்திருந்தார். 'அமெரிக்கன் பை' படத்தை எடுத்த வைட்ஸ் சகோதரர்கள் அவருடைய பேரன்கள் என்பது கொசுறுத் தகவல்!

நியாயமாக ஒன்று சொல்லிவிட வேண்டும். சுரண்டப்பட்டது பெண்கள் மட்டுமில்லை. டிராகுலாவாக நடித்த லுகோசிக்கே ஏழு வாரத்துக்கு மொத்தம் 3,500 டாலர்தான். ஆனால் அவருக்குப் பெயராவது நிலைத்தது.

பெயருக்குப் பதில் கேள்விக்குறி

பெயர் என்றதும் எல்சா லான்செஸ்டர் ஞாபகத்துக்கு வருகிறார். 1935-ல் ஜேம்ஸ் வேல் இயக்கிய 'பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தில் இவருக்கு இரண்டு வேடம். தொடக்கக் காட்சியில் ஃபிராங்கன்ஸ்டைன் கதையை எழுதிய மேரி ஷெல்லியாக வருவார். கடைசியில் ராட்சசனுக்காக ஆய்வுக்கூடத்தில் செய்யப்படும் மணப்பெண்ணாக வருவார். கதையைப் படைத்தவளும் அந்தக் கதையில் படைக்கப்பட்டவளும் ஒரே முகம். 1935-ல் இப்படி யோசித்திருக்கிறார்கள்!

டைட்டிலில் மேரி ஷெல்லி வேடத்துக்கு எல்சாவின் பெயர் வரும். ராட்சசனின் துணை என்ற வேடத்துக்கு நேராக வெறும் கேள்விக்குறிதான் இருக்கும். ரசிகனுக்குப் புதிர் போட அது ஒரு நல்ல உத்தி, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காலப் பேய்ப்பட நாயகிகளின் நிலைமைக்கு அந்தக் கேள்விக்குறியை விடப் பொருத்தமான படம் கிடைக்காது.

மணப்பெண் திரையில் இருப்பது படத்தின் கடைசிச் சில நிமிடங்கள் மட்டுமே. வசனம் ஒரு வரி கூட இல்லை. அலறுவார், சீறுவார், அவ்வளவுதான். லண்டன் ரீஜென்ட்ஸ் பூங்காவில் அன்னங்கள் கோபத்தில் சீறுவதைப் பார்த்து அந்தச் சீறலைப் பழகியதாக எல்சா சொல்லியிருக்கிறார். பக்கவாட்டில் வெள்ளை மின்னல் ஓடும் அந்த நெட்டுக்குத்தான தலைமுடி, எகிப்து ராணி நெஃபர்டிட்டியின் சிலையைப் பார்த்து வந்த யோசனை. தொண்ணூறு வருடம் ஆகிவிட்டது. இன்னமும் முகமூடி, பொம்மை, டி-ஷர்ட் என்று அந்த முகம் விற்றுக்கொண்டே இருக்கிறது. சில நிமிட வேலையில் ஒரு வணிகச் சின்னம் உருவாகிவிட்டது.

குரங்கின் கையில் பத்தாயிரம் டாலர்

இனி 'அலறல் அரசி' ஃபே ரே. கனடாவில் 1907-ல் பிறந்தவர். "ஹாலிவுட்டிலேயே உயரமான, கறுப்பான நாயகனோடு நடிக்கப் போகிறாய்" என்ற பொருளில் தயாரிப்பாளர் மெரியன் கூப்பர் சொல்ல, யாரோ பெரிய நடிகர் என்று ஃபே ரே நினைத்துக்கொண்டாராம். வந்து நின்றது 'கிங் காங்'!

படம் முழுக்க வரும் அந்தக் காங், பெரும்பாலும் ஒன்றரை அடி உயரப் பொம்மை. வில்லிஸ் ஓபிரையன் அதைத் துளித்துளியாக நகர்த்தி, ஒவ்வொரு பிரேமாகப் படம் பிடித்தார். ஃபே ரேயைப் பிடிக்கும் கை ஆள் உயரத்துக்குப் பெரிதாகச் செய்யப்பட்டது. அதாவது அவர் முன்னால் எந்தக் குரங்கும் கிடையாது. இல்லாத ஒன்றைப் பார்த்து, இருப்பதாக நாம் நம்பும்படி பயப்பட வேண்டும். படப்பிடிப்பு முடிந்த பிறகு ஒலிப்பதிவுக் கூடத்தில் நின்று, படத்துக்குத் தேவையான அலறல்களை எல்லாம் தனியாகப் பதிவு செய்து கொடுத்தார். பொம்மைக்கு உயிர் கொடுத்தது ஓபிரையன் என்றால், அந்தப் பொம்மையைக் கண்டு நம்மைப் பயப்பட வைத்தது ஃபே ரேயின் தொண்டை.

இப்போது கணக்குக்கு வருவோம். படச் செலவு சுமார் 6 லட்சத்து 70 ஆயிரம் டாலர். ஃபே ரேயின் வேலை பத்து வாரம், ஆனால் பத்து மாதங்களுக்கு விட்டு விட்டு இழுத்தது. மொத்தச் சம்பளம் 10,000 டாலர். பஞ்ச காலத்தில் அது நல்ல சம்பளம்தான். ஆனால் மேலே படியுங்கள்.

தயாரிப்பு நிறுவனமான ஆர்.கே.ஓ. 1933 ஜனவரியில் கடனில் மூழ்கி, நீதிமன்றம் நியமித்த ரிசீவர் கைக்குப் போயிருந்தது. மார்ச் 2-ம் தேதி நியூயார்க்கில் படம் வெளியானது. நான்கே நாளில் நாடு முழுக்க வங்கிகளை மூடச் சொல்லி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் உத்தரவு போட்டார். ஜனங்கள் கையில் காசில்லாத அந்த வாரத்தில், நியூயார்க்கின் இரண்டு தியேட்டர்களில் மட்டும் முதல் நான்கு நாளில் கிட்டத்தட்ட 90 ஆயிரம் டாலர் வசூல்! 1938, 1942, 1946, 1952, 1956 என்று படம் திரும்பத் திரும்ப வெளியிடப்பட்டது. 1952 வெளியீடு பெரிய வெற்றி. ஒவ்வொரு முறையும் கம்பெனியின் வரவுப் பக்கத்தில் புதுத் தொகை ஏறும். ஃபே ரேயின் பக்கத்தில் ஏறியது முதல் 10,000 டாலர்தான்.

நிறுவனத்தின் பார்வையில் அந்த பிலிம் சுருள் ஒரு சொத்து. செலவை எல்லாம் எழுதித் தீர்த்த பிறகும் வருமானம் தருகிற அபூர்வமான சொத்து. நடிகையின் உழைப்போ, ஒரு தடவை கொடுத்து முடித்த கூலி. அதே முகம்தான், அதே அலறல்தான். யார் பேரேட்டில் எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து ஒரு பக்கம் சொத்து, இன்னொரு பக்கம் பழைய சம்பளச் சீட்டு.

காட்டாமல் பயமுறுத்திய பூனைப்பெண்

அதே ஆர்.கே.ஓ. 1942-ல் மறுபடியும் நஷ்டத்தில். ஆர்சன் வெல்ஸின் படங்கள் போட்ட பணத்தை எடுக்கவில்லை. குறைந்த செலவில் திகில் படம் எடுக்க வால் லூட்டன் என்பவரைப் பிடித்தார்கள். நிபந்தனை மூன்று: செலவு 1,50,000 டாலரைத் தாண்டக்கூடாது, நீளம் 75 நிமிடத்தைத் தாண்டக்கூடாது, படத்தின் தலைப்பை நிறுவனம்தான் கொடுக்கும். முதல் தலைப்பு 'கேட் பீப்பிள்'.

நாயகி பிரெஞ்சு நடிகை சிமோன் சிமோன். ஆசையோ கோபமோ எல்லை மீறினால் தான் சிறுத்தையாக மாறிவிடுவோம் என்று நம்பித் தன் கணவனையே நெருங்க விடாத ஐரீனாவாக நடித்தார். விலங்கு வேடத்துக்குக் காசில்லை என்பதால் இயக்குநர் ஜாக் டூர்னர் நிழலையும் சத்தத்தையும் வைத்தே ஒப்பேற்றினார். ஜேன் ராண்டால்ஃப் இரவில் தனியாக நடந்து வருகிற காட்சி ஒன்று உண்டு. பின்னால் காலடிச் சத்தம் கேட்டு, பிறகு நின்றுவிடும். மயான அமைதி. திடீரென்று ஒரு சீறல்! பார்த்தால், ஒரு பஸ் வந்து நிற்கும். இன்றைக்குத் திகில் படங்களில் நம்மைத் தூக்கிவாரிப் போட வைக்கிற அத்தனை 'சும்மா பயமுறுத்தல்'களுக்கும் அந்த பஸ்தான் தாத்தா.

கவனியுங்கள், இங்கே பெண்தான் ராட்சசி. ஆனால் அவளைப் பார்த்துப் பயப்படுவதை விட அவளுக்காகப் பரிதாபப்படுகிறோம். அலறிக்கொண்டு ஓடும் அழகிக்கும் இவளுக்கும் பத்து வருட தூரம்தான். படம் நன்றாக ஓடி, 1944-ல் இரண்டாம் பாகமும் வந்தது. அதில்தான் ராபர்ட் வைஸ் இயக்குநராக அறிமுகமானார். அவரைக் கடைசியில் மறுபடி சந்திப்போம்.

பூதத்தை வரைந்தவள்

பணம் மட்டுமில்லை, பெயரும் ஒரு சொத்துதான். நற்பெயருக்கு மதிப்புப் போடுவதை நாம் பாடமாகவே படிக்கிறோம். 1954-ல் வந்த 'கிரியேச்சர் ஃப்ரம் தி பிளாக் லகூன்' படத்தில் ஜூலி ஆடம்ஸ் நீந்த, அவருக்குக் கீழே தண்ணீருக்குள் அந்த மீன் மனிதன் கூடவே நீந்துவான். அந்த மீன் மனிதனின் உருவத்தை வரைந்தவர் மிலிசென்ட் பேட்ரிக் என்ற பெண். அவரே சிறு வேடங்களில் நடித்தவரும் கூட. விளம்பரத்துக்காக யுனிவர்சல் அவரை ஊர் ஊராக அனுப்பியது. ஒப்பனைத் துறைத் தலைவர் பட் வெஸ்ட்மோருக்கு இது பிடிக்கவில்லை. படத்தில் பெருமை அவர் பெயருக்குப் போனது. மிலிசென்டுக்கு அங்கே அதற்குப் பிறகு வேலை கிடைக்கவில்லை.

டிவியும் வேலைநிறுத்தமும்

1956-ல் 'கிங் காங்' நியூயார்க் தொலைக்காட்சிக்கு வந்தது. 1957-ல் யுனிவர்சலின் பழைய படங்கள் 52, 'ஷாக்' என்ற பெயரில் ஒரே மூட்டையாகக் கட்டி டிவி நிலையங்களுக்கு விற்கப்பட்டன. ஒரு புதிய தலைமுறையே இந்தப் படங்களை வரவேற்பறையில் உட்கார்ந்து பார்த்து வளர்ந்தது. நடித்தவர்களுக்கு என்ன கிடைத்தது? ஒன்றும் இல்லை.

இந்த அநியாயத்தைக் கேட்டுத்தான் 1960 மார்ச் 7-ம் தேதி அமெரிக்க நடிகர் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. தலைவர் யார் தெரியுமா? பின்னாளில் ஜனாதிபதியான ரொனால்ட் ரீகன்! ஏப்ரல் 18-ம் தேதி சமரசமானது. 1960-லிருந்து எடுக்கப்படும் படங்கள் டிவியில் ஓடினால் நடிகர்களுக்குப் பங்கு உண்டு. அதற்கு முந்தைய படங்களுக்குத் தனித்தனியே எதுவும் கிடையாது, பதிலாக ஓய்வூதிய, மருத்துவ நிதிக்கு ஒரே தொகையாக 22.5 லட்சம் டாலர். பின்னால் வந்தவர்களுக்கு அது பெரிய வெற்றி. லுபிடா, எல்சா, ஃபே ரே, சிமோன் எல்லோரும் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள்.

குளிப்பதற்கு முன் ஒரு கழித்தல் கணக்கு

அதே 1960-ல்தான் 'சைக்கோ' வந்தது. ஜேனட் லீ நடித்த மேரியன், ஒரு ரியல் எஸ்டேட் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். 40,000 டாலரைத் திருடிக்கொண்டு ஓடுகிறாள். விடுதி அறையில் மனசு மாறுகிறது. திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்து, கார் வாங்கச் செலவழித்த 700 டாலரை 40,000-லிருந்து கழித்து ஒரு தாளில் எழுதிப் பார்க்கிறாள். விடை 39,300. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுக் குளிக்கப் போகிறாள். அப்புறம் நடந்தது உலகத்துக்கே தெரியும். சினிமாவின் மிகப் பிரபலமான கொலைக்கு முந்தைய நிமிடம், ஒரு கணக்குப் பதிவு!

முக்கால் நிமிடம் ஓடும் அந்தக் குளியலறைக் காட்சியை ஏழு நாள் எடுத்தார்கள். ரத்தமாக ஓடியது சாக்லேட் சிரப். கறுப்பு வெள்ளையில் எடுத்ததற்குச் செலவும் காரணம், சிவப்பு ரத்தத்தைத் தவிர்ப்பதும் காரணம். கதாநாயகியைப் பாதிப் படத்துக்குள் கொன்றுவிட்டதால், படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக்கூடாது என்று தியேட்டர்களுக்கு ஹிட்ச்காக் கண்டிப்பான உத்தரவு போட்டார்.

ஜேனட் லீயின் சம்பளம் 25,000 டாலர். ஆண்டனி பெர்கின்ஸுக்கு 40,000. ஆமாம், மேரியன் திருடிய அதே தொகை! ஹிட்ச்காக்கோ தனது வழக்கமான 2,50,000 டாலர் சம்பளத்தை ஒத்திப்போட்டு, படத்தின் உரிமையில் 60 சதவீதம் கேட்டு வாங்கினார். படச் செலவு சுமார் 8 லட்சம் டாலர், வசூல் அதைப் போலப் பல மடங்கு. பிறகு அந்த உரிமைகளை எம்.சி.ஏ. நிறுவனப் பங்குகளாக மாற்றிக்கொண்டு, அதன் பெரிய பங்குதாரர்களில் ஒருவராகிவிட்டார். ரிஸ்க் எடுத்தவருக்கு லாபம், நியாயம்தானே என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் அந்த ரிஸ்க்கை எடுக்கும் வாய்ப்பு யாருக்குக் கிடைத்தது என்பதும் கேள்விதான்.

கடைசியில் கிடைத்த பங்கு

அந்த வாய்ப்பை இரண்டு வருடம் கழித்து இரண்டு பெண்கள் வாங்கிக்கொண்டார்கள். 1962, 'வாட்எவர் ஹேப்பன்ட் டு பேபி ஜேன்'. பெட்டி டேவிஸ், ஜோன் கிராஃபோர்டு இருவரும் ஒரு காலத்து மகாராணிகள். வயது ஐம்பதைத் தாண்டியதும் அழைப்பார் இல்லை. இயக்குநர் ராபர்ட் ஆல்ட்ரிச்சுக்கும் பணம் புரட்டுவது பெரும் பாடானது. இருவரும் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு லாபத்தில் பங்கு கேட்டார்கள். பெப்சி கோலா நிறுவன இயக்குநர் குழுவில் உட்கார்ந்தவர் ஜோன், அவருக்கா பங்கின் அருமை தெரியாது!

படம் அமோக வெற்றி. போட்ட பணம் வெகு சீக்கிரம் திரும்பியது. 54 வயது பெட்டி டேவிஸுக்கு ஆஸ்கர் பரிந்துரையும் வந்தது. நடிகைகளின் பேரேட்டில் கடைசியாக ஒரு லாபப் பங்கு ஏறியது.

ஆனால் அதற்கும் ஒரு விலை இருந்தது. இங்கே ரத்தக்காட்டேரி இல்லை, குரங்கு இல்லை. முகத்தில் மாவு அப்பிய ஒரு வயதான பெண்தான் பூதம். முதுமையே பயங்கரம் என்கிற இந்த ஃபார்முலாவில் அடுத்தடுத்து படங்கள் வந்தன. வேலை கிடைத்தது, பங்கு கிடைத்தது. அதற்காகத் தங்கள் சுருக்கங்களையே அவர்கள் விற்க வேண்டியிருந்தது.

இதே சமயத்தில் வேறொரு பாதையும் திறந்தது. 1961-ல் 'தி இன்னோசென்ட்ஸ்' படத்தில் டெபோரா கெர், 1963-ல் அதே ராபர்ட் வைஸ் இயக்கிய 'தி ஹாண்டிங்' படத்தில் ஜூலி ஹாரிஸ். இரண்டிலும் பேய் வெளியே இருக்கிறதா, இவள் மனசுக்குள் இருக்கிறதா என்று கடைசி வரை தெரியாது. நாயகி இனி பேயைப் பார்த்துக் கத்தும் அலங்காரப் பொருள் இல்லை. முழுப் படமும் அவள் தலைக்குள்தான் நடக்கிறது.

ஃபே ரே 2004 ஆகஸ்ட் 8-ம் தேதி தனது 96-வது வயதில் காலமானார். இரண்டு நாள் கழித்து, கிங் காங் ஏறி நின்ற எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் விளக்குகளைப் பதினைந்து நிமிடம் மங்கலாக்கி நியூயார்க் அஞ்சலி செலுத்தியது. ஒரு நடிகைக்கு இதை விடப் பெரிய மரியாதை இல்லை என்பார்கள். எனக்கும் படித்தபோது சிலிர்த்தது. ஆனால் மரியாதையை வரவில் எழுத முடியாதே.

நேரம் கிடைத்தால் 'கேட் பீப்பிள்' படத்திலிருந்து ஆரம்பியுங்கள். எழுபது சொச்சம் நிமிடம்தான், பரீட்சைக்கு முதல் நாள் கூடப் பார்த்துவிடலாம். டைட்டில் ஓடும்போது மட்டும் தள்ளி விடாதீர்கள். யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை என்று பாருங்கள். அடுத்து எந்தப் படத்தைப் பார்த்தாலும் இந்தப் பழக்கம் உங்களை விடாது. என்னை விடவில்லை!